பரீட்சை முடியட்டும்

திருநாவுக்கரசு எதையும் சும்மா வாங்கிவிடுகிற ஆள் இல்லை. வீட்டுக்கு மிக்ஸி வாங்கப் போனபோது ஊரில் இருக்கிற கடையெல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வந்து, கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் வாங்கினார். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். ஒரு பொருளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் முன்பக்கத்தை நம்பமாட்டார். மகள் மகிழினி பன்னிரண்டாம் வகுப்புக்குப் போன வருடம், புது வைஃபை பெட்டி வாங்க மனைவி கோமதியையும் கூட்டிக்கொண்டு திருச்சியில் சாலை ரோடு என்கிற தெருவிலிருந்த கடைக்குக் கிளம்பினார். கடைக்காரரை நினைத்து கோமதிக்கு அப்போதே பாவமாக இருந்தது.

கடைக்காரர் தாகிர் பாய் மூன்று பெட்டிகளை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

"இது சாதா. நேரம் வெச்சு விட்டீங்கன்னா அந்த நேரத்துக்கு நெட்டு நின்னுரும். இது அதுக்கு மேல. எந்த சைட்டுக்கெல்லாம் போகக்கூடாதுன்னு நீங்களே பூட்டிக்கலாம். பாப்பா எதை எவ்வளவு நேரம் பாத்துச்சுன்னு வாராவாரம் உங்க போனுக்கு வந்துரும்."

"நேரத்துக்கு நின்னா போதாதாங்க? நம்ம பொண்ணு என்ன அப்படியா?" என்றாள் கோமதி.

"அப்படியா இப்படியான்னு தெரிஞ்சுக்கத்தானே வந்திருக்கோம். மூணாவது என்ன பாய்?"

"இது அரண்" என்றார் பாய். சொந்த மகனைப் பற்றிச் சொல்கிற பெருமை அவர் குரலில் வந்துவிட்டது. "இது தடுக்காது சார். திருத்தும்."

"திருத்தும்னா?"

"தடுத்தா பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சுருது. உடனே பக்கத்து வீட்டு வைஃபைக்குத் தாவிருதுங்க. இதுல எல்லாமே வரும். ஆனா மனசு கெடற மாதிரி எது வந்தாலும், உள்ள வர்றதுக்குள்ளயே பெட்டி அதை மாத்தி விட்டுரும். கூடப் படிக்கிறவ ஒருத்தி 'நீ ஒரு தண்டம்'னு அனுப்புனான்னு வைங்க, இங்க 'என்ன பண்ற'ன்னு வரும். வீடியோ கால்லகூட. முகம், குரல், உதட்டசைவு, அத்தனையும் அதே ஆளு மாதிரி அந்த நொடியே செஞ்சுரும். நம்ம பிள்ளை சொல்ற பதில் மட்டும் அப்படியே போகும். அதுக்கும் பொருந்தற மாதிரி பாத்துக்கும். பச்சை விளக்கு எரிஞ்சா வந்தது வந்தபடி போகுதுன்னு அர்த்தம். ஆரஞ்சு எரிஞ்சா திருத்துது."

திருநாவுக்கரசு பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "மாத்தறதுக்கு முன்னாடி என்ன வந்துச்சுன்னு நாம பாத்துக்க முடியுமா?"

"முடியாது சார். எதையும் சேத்து வைக்காது. மாத்தினதும் பழசு போயிரும். யாரும் திருட முடியாதுல்ல, அதான் பாதுகாப்பு." பாய் போனில் ஒரு திரையைத் திறந்து காட்டினார். "இதப் பாருங்க, 'பரீட்சைக் காலம்'. இதைப் போட்டு விட்டா பரீட்சை முடியற வரைக்கும் துக்கச் சேதி, சண்டை, ஒடம்பு சரியில்லைங்கற பேச்சு, எதுவும் உள்ள வராது. நம்ம ஆளுங்களுக்குன்னே செஞ்சது. பெரியவங்களுக்கும் இருக்கு. இது 'இதய அமைதி'. ஹார்ட் ஆபரேஷன் ஆனவங்க இருக்கற வீட்ல போட்டுக்கறாங்க."

நம்ம ஆளுங்களுக்குன்னே செய்தது என்று பாய் சொன்னது வியாபாரப் பேச்சு இல்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையிடம் வீட்டுச் சாவைச் சொல்வோமா நாம்? பக்கத்து அறையில் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து பால் ஆற்றிக் கொடுப்போம். பெட்டி செய்தவன் நம்மைப் பார்த்துத்தான் கற்றிருப்பான். திருநாவுக்கரசுக்கு அந்த மூன்றாவது பெட்டி ரொம்பப் பிடித்துப்போயிற்று.

வீட்டில் டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் அதை வைத்தார்கள். மகிழினியிடம் சிம் கார்டு இல்லாத டேப்லெட் ஒன்றுதான் இருந்தது. அதில் வருவதெல்லாம் இனி இந்தப் பெட்டி வழியாகத்தான் வரவேண்டும்.

அதில் முக்கால்வாசி நேரம் வருவது ஒரே ஆள்தான். பரிமளா, திருநாவுக்கரசின் அக்கா. சத்தீஸ்கர் பக்கம் பிலாஸ்பூரில் சரக்கு ரயில் ஓட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதைப் பற்றி யாரும் கேட்கவும் அவள் விட்டதில்லை. டியூட்டி இல்லாத மாலைகளில் வீடியோ காலில் வருவாள். பேச வேண்டும் என்றுகூட இல்லை. அங்கே அவள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருப்பாள், இங்கே மகி கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். லைன் சும்மா திறந்தே கிடக்கும். திருநாவுக்கரசு இன்னும் எந்தப் பட்டனையும் போடவில்லை, டிவிக்குக் கீழே விளக்கு பச்சையாகவே எரியும். நடுவில் திட்டு விழும்.

"அரே எருமை, எவ்வளவு நேரமா அதே பக்கத்தைப் பாத்துக்கிட்டிருக்கே? தூங்கறியா?"

"யோசிக்கிறேன் அத்தை."

"கண்ணை மூடிக்கிட்டா யோசிப்பே? நான் இப்படி யோசிச்சா ரயிலு ஆத்துலதான் கிடக்கும்."

மகி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்த வீட்டில் அவளை யாரும் திட்டுவதில்லை. திட்டுவதற்கும் சேர்த்து அத்தை ஒருத்திதான் இருந்தாள்.

தீபாவளி கழிந்து சில நாளில் பரிமளா தம்பியை அலுவலகத்தில் கூப்பிட்டாள். வயிற்று வலி என்று போனதில் கணையத்தில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்களாம். ரொம்ப முற்றிவிட்டதாம். நாக்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேரப்போகிறாளாம். ரயில் தாமதமாக வருகிறது என்று அறிவிக்கிற மாதிரிதான் சொன்னாள். திருநாவுக்கரசு போனை வைத்துவிட்டு மின்மாற்றிகளுக்கு நடுவே நின்று அழுதார். மாலையில் வீட்டுக்கு வந்ததும் 'பரீட்சைக் காலம்' பட்டனைப் போட்டார்.

"சொல்லிடலாங்க. அத்தைன்னா அவளுக்கு உசுரு" என்றாள் கோமதி.

"சொன்னா படிப்பாளா? ஒரு வருஷ உழைப்பு கோமதி. பரீட்சை முடியட்டும். நானே சொல்றேன்."

சொந்தக்காரர்களுக்கும் சொல்லிவைத்தார். எல்லோரும் சரிதான் என்றார்கள். ஒருத்தர்கூட 'ஏன்?' என்று கேட்கவில்லை.

அதன் பிறகு மாலைகளில் டிவிக்குக் கீழே ஆரஞ்சு விளக்கு எரிந்தது. திரையில் பரிமளா பழைய கன்னங்களோடு, அடர்ந்த முடியோடு உட்கார்ந்திருந்தாள். "நல்லா இருக்கேன்டா கண்ணு. நீ நல்லா படி" என்றாள். கோமதி ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே அதைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். கண்ணு என்று பரிமளா யாரையும் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. மகி கொஞ்ச நாள் பேசிப் பார்த்தாள். பிறகு கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள். படிப்பில் மூழ்கிவிட்டாள் என்று திருநாவுக்கரசு சந்தோஷப்பட்டார்.

அலுவலகப் பயிற்சி என்று சொல்லிவிட்டு அவர் நாக்பூர் போனார். பரிமளா கட்டிலில் பாதி அளவு ஆகிவிட்டிருந்தாள். குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"அரசு, உன் பொண்ணு பெரிய ஆளாயிட்டாடா."

"ஏங்க்கா?"

"எனக்கு இப்படின்னு அவகிட்ட சொன்னேன். நீ சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன். முகத்துல ஒரு சலனம் இல்ல. 'சரி அத்தை'ங்கறா. போன வாரம் கூப்பிட்டு, ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போடி எருமைன்னேன். 'பரீட்சை முடியட்டும் அத்தை, கண்டிப்பா வரேன்'னு சொல்லிச் சிரிக்கறா." அவள் தம்பியையே பார்த்தாள். "நான் அவகிட்ட ஏதாவது தப்பா நடந்துக்கிட்டேனாடா?"

இங்கே ஒரு வாக்கியம் போதும். 'அக்கா, அவளுக்கு எதுவும் தெரியாது, ஒரு பெட்டி வாங்கியிருக்கேன்' என்று சொன்னால் போதும். அக்கா கண்டபடி திட்டியிருப்பாள். திட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பாள். ஆனால் அக்காவுக்குத் தெரிந்தால் பெட்டியை அணைக்கச் சொல்வாள், அணைத்தால் மகளுக்குத் தெரிந்துவிடும், பரீட்சை வாசலில் நிற்கிறது. திருநாவுக்கரசு அக்காவின் போர்வையைச் சரி செய்தார்.

"அவளுக்கு எல்லாம் தெரியும்க்கா. உள்ளுக்குள்ள அழறா. அழுதா படிக்க முடியாதுன்னு காட்டிக்க மாட்டேங்கறா."

"ம்" என்றாள் பரிமளா. "நல்லதுதான். படிக்கட்டும்."

அவர் இருந்த மிச்ச நேரத்தில் அவள் மகியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

பரீட்சை தொடங்குவதற்கு முந்தின வாரம் பரிமளா போய்விட்டாள். கொள்ளி வைக்க வேறு ஆள் இல்லை. மறுபடியும் பயிற்சி என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போய்த் தம்பிதான் வைத்தார். தலையையும் மீசையையும் மழித்துக்கொண்டு, எலும்பை ஆற்றில் கரைத்துவிட்டு, ரயிலில் வரும் வழியெல்லாம் மகளிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அது தானாக வாயில் வந்தது.

"என்னப்பா இது மொட்டை!"

"சமயபுரத்துல வேண்டிக்கிட்டேம்மா. நீ நல்லா எழுதணும்னு."

"எனக்காகவா?" மகி ஓடிவந்து அந்தத் தலையை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். "ஐயோ, சொரசொரன்னு இருக்கு. மீசையையும் குடுத்துட்டீங்களா? அம்மா, இங்க வந்து பாரேன்!" அவள் கண் கலங்கிவிட்டது. அப்பா தனக்காக இவ்வளவு செய்வார் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கோமதி சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை.

முதல் பரீட்சை அன்று காலையில் மகி டேப்லெட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அத்தை ஆல் தி பெஸ்ட் அனுப்பிட்டாங்க."

திருநாவுக்கரசு இட்லியை மென்றுகொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார். யாரும் எதுவும் அனுப்பவில்லை, அனுப்புவதற்கு அங்கே யாரும் இல்லை. மகள் எதிர்பார்ப்பாள் என்று பெட்டியே யோசித்து அனுப்பியிருக்கிறது. அவர் அந்த ஆரஞ்சு விளக்கைப் பார்த்தார். அதைப் போய் அணைக்க அவருக்குக் கால் வரவில்லை. "சரி சரி, நேரமாச்சு" என்று மட்டும் சொன்னார்.

கடைசிப் பரீட்சை உயிரியல். எழுதிவிட்டு வந்து, பையைக்கூட இறக்காமல் மகி சொன்னாள். "அப்பா, நாளைக்கே பிலாஸ்பூருக்கு டிக்கெட் போடுங்க. அத்தைகிட்ட வரேன்னு சொல்லியிருக்கேன். என்மேல என்னமோ கோவம்ப்பா அவங்களுக்கு. தீபாவளிக்கு அப்புறம் ஒரு தடவைகூட திட்டல. கண்ணுங்கறாங்க, யாரோ மாதிரி. அதான் எனக்கும் கூப்பிடவே பிடிக்கல. நேர்ல போய் சரி பண்ணிடறேன்."

உட்காரச் சொல்லிவிட்டு அவர் சொன்னார். நோயைச் சொன்னார், பெட்டியைச் சொன்னார், மொட்டையைச் சொன்னார். மகி அழவில்லை. அப்பாவின் தலையில் முளைத்திருந்த முடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அத்தை என்னை வரச் சொன்னாங்களா?"

"சொன்னா."

"நான் என்ன சொன்னேன்?"

"பரீட்சை முடியட்டும்னு."

"நல்லா படி, லீவுக்கு வான்னாங்க. அதுக்குத்தான் அப்படிச் சொன்னேன்." "இந்தப் பெட்டி விஷயம் அத்தைக்குத் தெரியுமாப்பா? எனக்குத் தெரியாதுங்கறது அவங்களுக்குத் தெரியுமா?"

மகளின் உதடு நடுங்குவதை அவர் பார்த்தார். இன்னும் ஒரு நிமிடத்தில் அழுதுவிடுவாள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவரால் ஆகாது. அவள் பிறந்ததிலிருந்தே ஆனதில்லை, தடுப்பூசி போடும்போதுகூட வெளியே போய் நின்றவர்.

"தெரியும்மா. நான்தான் சொன்னேன். அவளும் சரின்னுட்டா."

இதைப் பெட்டி திருத்தவில்லை. அவரே திருத்தினார்.

மகி "அப்ப சரி" என்று எழுந்து போனாள்.

அவர் பட்டனை அணைத்தார். பெட்டியை மட்டும் மாற்றவில்லை. நெட்டு நன்றாகத்தானே வருகிறது என்று விட்டுவிட்டார். மார்க் வந்தது, நினைத்ததைவிடக் கூடுதலாகவே வந்தது. இனிப்பு வாங்கி வந்தார், யாரும் தொடவில்லை. ஆனி மாதத்தில் மாடிப்படி ஏறும்போது அவருக்கு மார்பு வலி வந்து, ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். அது ஆறுவதற்குள் மகி கல்லூரிக்கென்று விசாகப்பட்டினம் கிளம்பிவிட்டாள்.

ஆனால் தினமும் மாலையில் வீடியோ காலில் வந்தாள். பூரித்த முகத்தோடு வந்தாள். "சாப்டீங்களாப்பா?" என்று தவறாமல் கேட்டாள். "ஆமாம்மா" என்று இவரும் தவறாமல் சொன்னார். பிள்ளை மனசு ஆறிவிட்டது, காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று கோமதியிடம் சொல்வார். மகளோடு பேசுவதற்கு கோமதி மட்டும் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவாள். வீட்டுக்குள் சிக்னல் சரியில்லை என்பாள்.

ஒருநாள், மகி வீட்டிலேயே விட்டுப்போன டேப்லெட்டில் சார்ஜ் இறங்கிவிட்டது. டிவி பக்கத்துப் பிளக்கில் செருகிக்கொண்டு, தரையிலேயே உட்கார்ந்து பேசினார். மகி சிரித்துக்கொண்டே, "சாப்டீங்களாப்பா?" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தவர் கீழ்த்தட்டைப் பார்த்தார். விளக்கு ஆரஞ்சாக எரிந்துகொண்டிருந்தது.

"ஆமாம்மா" என்று சொல்லி முடித்து வைத்துவிட்டு, கோமதியைக் கூப்பிட்டார்.

"இதை நீ போட்டியா?"

கோமதி விளக்கைப் பார்த்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சோபா விளிம்பில் உட்கார்ந்தாள்.

"நான் போடல. அவதான் போட்டா. ஊருக்குக் கிளம்பற அன்னிக்கு, உங்க போன்லயே. 'இதய அமைதி'யாம்."

"எதுக்கு?"

"'எனக்கு அப்பாகிட்ட ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்கணும் போல இருக்கும்மா. கேக்காம இருக்க முடியல. ஆனா அது அவரு காதுல விழுந்தா நெஞ்சு தாங்காது. ரெண்டும் நடக்கணும்னா இதுதான் வழி'ன்னா. நான் வேணாம்னுதான் சொன்னேன். இந்த வீட்ல நான் சொல்லி என்ன நடந்திருக்கு?"

"என்ன கேக்கறா?"

கோமதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "'அத்தைக்கு நெஜமாவே தெரியுமாப்பா?'ன்னு. தினம் அதேதான். நீங்க 'ஆமாம்மா'ங்கறீங்க. நீங்க வேற எதுக்கோ சொல்றீங்கன்னு அவளுக்கும் தெரியும். ஆனா உங்க வாயால அந்த ஆமாம்மாவைக் கேட்டாத்தான் அன்னிக்குத் தூக்கம் வருதாம்."

திருநாவுக்கரசு டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"தெரியும்தானேங்க?" என்றாள் கோமதி. "நீங்க சொல்லிட்டீங்கதானே அவங்ககிட்ட?"

அவர் எழுந்து டிவி ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அந்த முதுகே போதுமானதாக இருந்தது. "அடப்பாவி மனுஷா" என்று மெல்லச் சொன்னாள்.

மறுநாள் முழுக்க அவர் இரண்டு பக்கமும் யோசித்தார். அப்படியே விட்டால் மகள் ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டாவது தூங்குவாள். சொன்னால், அத்தை தன்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டே செத்தாள் என்பதோடு காலமெல்லாம் கிடப்பாள். பொய்தான் நல்லது என்று எல்லாக் கணக்கும் சொல்லிற்று. நாக்பூரிலும் இதே கணக்கைத்தான் போட்டோம் என்பதும் அவருக்கு நினைவு வந்தது. மாலையில் வீடியோ காலுக்கு முன்னால் போனை எடுத்து 'இதய அமைதி'யை அணைத்தார். விளக்கு பச்சையானது.

கால் வந்தது. திரையில் தெரிந்தது வேறு ஒரு பெண். கண்ணுக்குக் கீழே கருத்து, கழுத்தெலும்பு துருத்தி, எண்ணெய் காணாத தலை. இத்தனை நாளும் பெட்டிதான் அவளை நன்றாகச் சாப்பிட வைத்திருந்தது. விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்க்கக்கூட இல்லை. பழக்கமாகிப்போன குரலில் கேட்டாள்.

"அத்தைக்கு நெஜமாவே தெரியுமாப்பா?"

"இல்லம்மா."

மகியின் கை துணிமேல் நின்றது.

"அவளுக்குத் தெரியாது. நான் சொல்லல. உனக்கு எல்லாம் தெரியும்னு அவகிட்ட பொய் சொல்லிட்டேன். நீ தெரிஞ்சே வரலைன்னு நெனச்சுக்கிட்டுதான் போனா. 'நான் அவகிட்ட தப்பா நடந்துக்கிட்டேனா'ன்னு என்னைக் கேட்டா. உன் மார்க்குக்காகன்னு சொல்லிக்கிட்டேன். அதில்லை. நீ அழறதைப் பாக்க எனக்கு தைரியம் இல்ல. அவ்வளவுதான்மா."

அவள் மெல்ல நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்பா, பெட்டியில என்ன லைட் எரியுது?"

"பச்சைம்மா."

மகி மடித்த துணியை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். திருநாவுக்கரசு எழுந்து போகவில்லை. டேப்லெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.